சால்மன் வரும் ஓடை



அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இசக்வா என்று ஓர் ஊர். சியாட்டலிலிருந்து கிழக்கே காரில் அரை மணி நேரம். கூகர், ஸ்க்வாக், டைகர் என்று மூன்று குன்றுகள் சூழ்ந்து நிற்க, சம்மாமிஷ் ஏரியின் தென்கோடியில் அமைந்த ஊர் அது. குடியிருப்பவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். அக்டோபர் முதல் வாரத்துச் சனி, ஞாயிறு வந்துவிட்டால் அங்கே கூடுகிறவர்கள் ஒன்றரை லட்சத்தைத் தொடுவார்கள். கடைத்தெருவில் வண்டி வாகனம் கிடையாது. பாண்டு வாத்தியம், ஊர்வலம், ராட்டினம், கைவினைக் கடைகள் என்று ஊரே அமளிதுமளிப்படும். ஊர் நடுவே ஓடும் ஓடைக்குச் சால்மன் மீன் திரும்பி வருகிறது என்பதற்காகத்தான் இத்தனை கொண்டாட்டமும். 1970-இல் தொடங்கிய இந்த விழாவுக்குச் ‘சால்மன் டேஸ்’ என்று பெயர்.

விழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தது மீன்தான். ஷினூக் என்ற பெரிய சாதிச் சால்மன் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஓடைக்குள் தலைகாட்டும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் அதன் வரவு உச்சத்துக்குப் போகும். அதன் பின்னாலேயே கோஹோ என்ற இன்னொரு சாதி வந்து, நவம்பர் வரை வந்துகொண்டிருக்கும். இரண்டு சாதியும் ஒரே நேரத்தில் ஓடையில் கிடக்க வாய்ப்புள்ள வாரம்தான் விழா வாரம்.

அங்கே போகும் ஒரு குடும்பத்தை நாம் துணைக்குக் கூட்டிக்கொள்வோம். சியாட்டலின் கிழக்குப் புறநகர்களில் மென்பொருள் வேலைக்குப் போன தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் அப்பா, அம்மா, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், தோளைவிட்டு இறங்க மறுக்கும் சின்னப் பையன். ஆறு மாத விசாவில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் பாட்டியும் உடன் வருகிறாள். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்தே பிடித்து எத்தனை நேரம் ஆனது என்று சொல்லும் பாட்டி.

காலையில் ஊர்வலம். ஊர்வலத்தில் வெள்ளி நிறத் தாளில் செதில் ஒட்டிய மீன் வேடக் குழந்தைகள், பள்ளிக்கூட மாணவர்களின் வாத்தியக் குழு, தீயணைப்பு வண்டி, பழைய கார்கள். ஃபிரண்ட் ஸ்ட்ரீட் முழுக்க இரு பக்கமும் ஜனம். பையனுக்குத் தீயணைப்பு வண்டி போதும். அதற்கப்புறம் கடைகள்: மரத்தில் செதுக்கிய மீன், கண்ணாடியில் ஊதிய மீன், சட்டையில் அச்சடித்த மீன். இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். எந்த ஊர்த் திருவிழாவிலும் பார்க்கக்கூடியவைதான்.

மீன் சுடும் வாசனை வந்ததும் பாட்டி நின்றுவிடுகிறாள். கிவானிஸ் என்ற தொண்டுச் சங்கத்தார் ஆண்டுதோறும் போடும் சால்மன் அடுப்பு அது. தணலுக்கு மேல் கம்பி வலையில், தோல் கீழே, செந்நிறச் சதை மேலே. ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஓடைப் பாலத்துக்குப் போனபோதுதான் அவள் உயிரோடு இருக்கும் சால்மனை முதன்முதலாகப் பார்க்கிறாள். முழங்கால் அளவுத் தண்ணீரில், கூழாங்கற்களுக்கு மேல், மூன்றடி நீள ஷினூக்குகள் எதிரோட்டத்தில் முகம் வைத்து நிற்கின்றன. கடலில் இருந்தபோது வெள்ளியாக மின்னிய உடம்பு இப்போது கரும்பழுப்பு. முதுகில் அங்கங்கே வெள்ளைப் பூஞ்சைத் திட்டு. ஆணின் மேல்தாடை கொக்கி போல் வளைந்து பற்கள் வெளியே துருத்தியிருக்கின்றன. பெண் மீன்கள் சிலவற்றின் வால் நுனி தேய்ந்து, நார் நாராகத் தொங்குகிறது.

“ஏன் கண்ணு, அங்க சுடுறது இந்த மீனா?”

“தெரியல பாட்டி. கேக்கலாம் வாங்க.”

“இருக்காது. இது சினை முத்தி, சதை வத்திப்போன மீனு. சும்மா கொடுத்தாலும் எவளும் வாங்க மாட்டா.”

பாட்டி சொன்னது சரி. அடுப்பில் வெந்தது கடலில் பிடித்தது. சால்மன் நன்னீருக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. இரைப்பை சுருங்கிவிடும். கடலில் சேர்த்த கொழுப்பும், பிறகு தன் தசையுமே அதற்கு எரிபொருள். நீந்துவது, தாவுவது, சினை முதிர்வது, கற்களை வாலால் அடித்துப் பள்ளம் பறிப்பது எல்லாம் அந்தக் கையிருப்பில்தான் நடக்க வேண்டும். வேலை முடிந்ததும் பசிபிக் சால்மன் இறந்துவிடும். முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் இரண்டாவது வாய்ப்பு ஷினூக்குக்கும் கோஹோவுக்கும் கிடையாது. பாலத்தில் நிற்கும் ஆயிரம் பேரும் ஆரவாரம் செய்வது இன்னும் சில நாளில் செத்துப்போகும் மீன்களைப் பார்த்து. சிறுமிக்கு அதைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. வாடத்தான் செய்யும், அதை மறைத்துவைத்து இந்த விழாவைக் குழந்தைக்குக் காட்ட முடியாது. காட்டவும் கூடாது.

இந்த மீன்கள் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். பசிபிக் பெருங்கடலிலிருந்து பியூஜெட் சவுண்ட் என்ற உட்கடலுக்குள் வந்து, சியாட்டலில் பல்லார்ட் மதகை அடைகின்றன. கடல் மட்டத்துக்கும் ஏரி மட்டத்துக்கும் நடுவே படகுகளை ஏற்றி இறக்குவதற்காக 1917-இல் திறந்த மதகு அது. மீன்கள் ஏறுவதற்கென்று பக்கத்தில் 21 படிகள் கொண்ட தொட்டி வரிசை உண்டு. படிக்குப் படி தாவி ஏறிக் கப்பல் கால்வாய், வாஷிங்டன் ஏரி, சம்மாமிஷ் ஆறு, சம்மாமிஷ் ஏரி என்று வந்து, கடைசியில் இசக்வா ஓடை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இந்த வழியே கிடையாது. அப்போது வாஷிங்டன் ஏரியின் தண்ணீர் தென்பக்கம் பிளாக் ரிவர் என்ற ஆற்றின் வழியாக வடிந்துகொண்டிருந்தது. கால்வாய்க்காக 1916-இல் ஏரியை வெட்டிவிட்டபோது அதன் மட்டம் சுமார் ஒன்பது அடி இறங்கியது. பிளாக் ரிவர் வறண்டது. அதை நம்பியிருந்த மீன்களும், அதன் கரையில் வாழ்ந்த ஆதிகுடிகளும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆக, இன்று விழாக் கூட்டத்துக்கு முன் வந்து நிற்கும் மீன், மனிதன் வெட்டிய பாதையில் வந்த மீன்.

சரி, கடலில் ஆயிரக்கணக்கான மைல் சுற்றிய மீனுக்கு இந்த ஒரு ஓடை எப்படித் தெரிகிறது? விழாவுக்கு வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தேடிய சோதனைகளில் மிக முக்கியமான ஒன்று இதே இசக்வா ஓடையில் நடந்தது. அது உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ஆர்தர் ஹாஸ்லர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஏரிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. யூட்டா மாநிலத்துக்காரர். 1940-களில் சொந்த மாநிலத்துக்குப் போயிருந்தபோது டிம்பனோகஸ் மலையில் ஏறினார். அருவி ஒன்று பாறைக்குப் பின்னால் மறைந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. பாசியும் காட்டுப் பூவும் கலந்த வாடை காற்றில் வந்தது. மறந்தே போயிருந்த சிறுவயதுத் தோழர்களும் சம்பவங்களும் சட்டென்று நினைவில் வந்து நின்றன. ஒரு வாடைக்கு மனிதனிடம் இவ்வளவு வலிமை என்றால் சால்மனிடம் எவ்வளவு இருக்கும் என்று அவர் யோசித்தார். ஒவ்வொரு ஓடைக்கும் அதன் மண், செடி, பாசி தரும் தனி வாடை உண்டு. குஞ்சு கடலுக்குப் போகும் முன் அதை மனத்தில் பதித்துக்கொள்கிறது. பருவம் வந்ததும் அதை மோப்பம் பிடித்துத் திரும்புகிறது. இதுதான் அவரும் அவருடைய மாணவர் வாரன் விஸ்பியும் முன்வைத்த கருத்து.

அதைச் சோதிக்க இரண்டாகப் பிரியும் ஓர் ஓடை வேண்டும். இசக்வாவில் அது இருந்தது: தாய் ஓடை ஒன்று, கிழக்குக் கிளை ஒன்று. இரண்டிலும் ஏறி வந்துவிட்ட கோஹோ மீன்களை அவர்கள் நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். அடையாளம் இட்டார்கள். பாதி மீன்களின் நாசித் துளையில் பஞ்சை வைத்து அடைத்தார்கள். எல்லாவற்றையும் கிளைகள் சேரும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மறுபடி ஏறி வந்து முடிவெடுக்க வேண்டும், இடமா வலமா என்று. மூக்கு திறந்திருந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை முன்பு பிடிபட்ட கிளைக்கே சரியாகத் திரும்பின. பஞ்சு வைத்தவை தடுமாறின. கிளை மாறிப் போயின. 1954-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

ஹாஸ்லர் அதோடு விடவில்லை. 1970-களில் மிச்சிகன் ஏரிப் பகுதியில், கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற செயற்கை வேதிப்பொருள் மிகச் சிறிய அளவில் கலந்த தண்ணீரில் அவரும் கூட்டாளிகளும் வளர்த்தார்கள். அவை பெரிதாகித் திரும்பும் காலத்தில், அவை பிறக்காத ஒரு நீரோட்டத்தில் அதே பொருளைக் கலந்துவிட்டார்கள். மீன்கள் அதைத் தேடிக்கொண்டு அங்கே வந்தன. நடுக்கடலில் இவ்வளவு நுட்பமான வாடை எட்டாது; அங்கே பூமியின் காந்தப் புலம் துணை செய்கிறது என்பதற்கும் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சாக்கை சால்மனின் 56 ஆண்டுப் பதிவுகளை வைத்து 2013-இல் வெளிவந்த ஆய்வு அதில் ஒன்று. கரையை அடைந்த பிறகு மூக்குதான் வழிகாட்டி.

சிறுமி இதைக் கேட்டுவிட்டு ஓடைக்குப் பக்கத்தில் குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறாள். செத்த மீன் வாடைதான் வருகிறது.

பாலத்துக்குப் பக்கத்திலேயே பொரிப்பகம். மீன் குஞ்சு பொரிக்க வைக்கும் அரசு நிலையம்; விழாவின் இதயமே இதுதான். வாசலில் கில்டா, ஃபின்லி என்று இரண்டு வெண்கலச் சால்மன்கள். குழந்தைகள் ஏறி ஏறி முதுகு பளபளத்துக் கிடக்கிறது. பையன் இங்கேதான் முதன்முறையாக அப்பாவின் தோளைவிட்டு இறங்குகிறான். ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை. தாவிப் பார்த்துத் தோற்கும் மீன்கள் பக்கவாட்டில் உள்ள படிகளில் ஏறித் தொட்டிகளுக்குள் வந்து சேரும். படிகளை ஒட்டிக் கண்ணாடிச் சன்னல். கையகலத் தூரத்தில் ஒரு ஷினூக் வந்து நின்று, வாயைத் திறந்து மூடி, செவுளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறது. பாட்டி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்க்கிறாள். செவுள் இன்னும் நல்ல சிவப்பு என்கிறாள்.

மீன் திரும்புவது இயற்கை தானாக நடத்திக்கொள்ளும் அதிசயம் என்று எண்ணிக்கொண்டுதான் பலரும் இங்கே வருகிறார்கள். இந்த ஓடையில் அந்த அதிசயத்தின் பாதிப் பாரத்தை மனிதர்கள் சுமக்கிறார்கள். இந்தப் பேச்சில் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். இசக்வா, நிலக்கரிச் சுரங்கமும் மரம் வெட்டும் தொழிலுமாக வளர்ந்த ஊர். மலைச்சரிவுகள் மொட்டையாயின, ஓடை கெட்டது, மீன் அருகியது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் 1936-இல் இந்தப் பொரிப்பகத்தைக் கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் பணம் இல்லை என்று மாநில அரசு இதை மூடப் பார்த்தது. ஊர் மக்கள் கிளம்பினார்கள். இசக்வா சால்மன் பொரிப்பக நண்பர்கள் என்ற அமைப்பு உருவானது அந்தப் போராட்டத்திலிருந்துதான். இன்றும் அந்த அமைப்பின் தொண்டர்கள்தான் தொட்டி ஓரத்தில் நின்று குழந்தைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். இருபது வருடமாக அக்டோபர் வந்தால் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துப் பழகிய ஊர் என்பதால்தான் அத்தனை பேர் திரண்டார்கள் என்று நம்ப நிறைய இடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே, வேலிக்குப் பின்னால் இருந்திருந்தால் இந்தப் பொரிப்பகத்தை அன்றே பூட்டியிருப்பார்கள்.

விழா முடிந்த வாரங்களில் இங்கே நடக்கும் வேலை மென்மையானது அல்ல. முதிர்ந்த பெண் மீனைக் கொன்று, வயிற்றைக் கீறி, முட்டையை வாளியில் விழவைக்கிறார்கள். ஒரு ஷினூக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பட்டாணி அளவில், ஆரஞ்சு நிறத்தில், உள்ளே ஒளி ஊடுருவும் உருண்டைகள். ஆண் மீனின் வயிற்றை அழுத்திப் பாலை அதன்மேல் பீய்ச்சி, தண்ணீர் விட்டுக் கலக்குகிறார்கள். தட்டு தட்டாக அடுக்கிய பெட்டிகளில் குளிர்ந்த நீர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். சில வாரத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை கண்கள். ஷினூக் குஞ்சுகளை அடுத்த வசந்தத்திலேயே ஓடையில் விடுகிறார்கள். கோஹோவை இன்னும் ஓராண்டு வளர்த்து விடுகிறார்கள். விடும் முன் முதுகில் வால் பக்கம் இருக்கும் குட்டித் துடுப்பைக் கத்தரித்துவிடுவார்கள். பின்னாளில் தூண்டிலில் மாட்டும்போது, துடுப்பு இல்லாததைப் பொரிப்பக மீன் என்று எடுத்துக்கொள்ளலாம். துடுப்பு உள்ளதைக் காட்டு மீன் என்று திருப்பி விட வேண்டும்.

இந்த முறையின் மேல் கடுமையான விமரிசனமும் உண்டு. தொட்டியில் வளர்ந்த மீன் காட்டு மீனோடு கலந்தால் வம்சத்தின் வலு குறையும், இரைக்கும் இடத்துக்கும் போட்டி வரும், எல்லாவற்றுக்கும் மேலாக ‘பொரிப்பகம்தான் இருக்கிறதே’ என்று ஆற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள் விஞ்ஞானிகள். மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது. பொரிப்பகம் இருந்தும் அருகிப்போன கோக்கனி என்ற மீன் இதற்குச் சாட்சி. கடலுக்கே போகாமல் சம்மாமிஷ் ஏரியிலேயே வாழ்ந்து, சுற்றியுள்ள ஓடைகளில் முட்டையிடும் சின்னச் சிவப்புச் சால்மன் அது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்தது. 2017-இல் முட்டையிட வந்தவை இருபதுக்கும் குறைவு.

சால்மனை வரவேற்பது இந்த மண்ணில் 1970-இல் தொடங்கிய வழக்கம் அல்ல. கரையோரச் சேலிஷ் மக்களிடம் முதல் சால்மன் சடங்கு தலைமுறை தலைமுறையாக இருந்தது. பருவத்தின் முதல் மீனை விருந்தாளியாக மதித்து வரவேற்று, எல்லாரும் பகிர்ந்து உண்டு, எலும்பை நீரிலேயே சேர்ப்பார்கள். அரசாங்கத்தின் அடக்குமுறையில் மங்கிப்போன அந்தச் சடங்கை 1970-களில் டுலாலிப் மக்கள் மீட்டெடுத்தார்கள். 1855-இல் பாயின்ட் எலியட் உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுத்தபோது வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் நூறாண்டுக்கு மேல் வலை போட்டவர்களைப் போலீஸ் பிடித்தது. நிஸ்குவாலி இனத்துப் பில்லி ஃபிராங்க் முதல் முறை கைதானபோது அவருக்கு வயது 14. வாழ்நாளில் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி உடன்படிக்கை செய்த இனங்களுக்கு. இன்று மீன்வளத்தை நிர்வகிப்பதில் மாநில அரசுக்குச் சமமாக அவர்கள் அமர்கிறார்கள். சாலைகளுக்கு அடியில் மீன் ஏற முடியாதபடி கிடக்கும் கல்வெர்ட்டுகளை மாநில அரசே மாற்றிக்கட்ட வேண்டும் என்ற தீர்ப்பும் இவர்கள் போட்ட வழக்கில் வந்ததுதான். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்தது. விழாவில் சுட்ட மீன் தட்டோடு நிற்கும் யாரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

அதே 2018-இல் இன்னொன்றும் நடந்தது. பியூஜெட் சவுண்டில் வாழும் ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் ஷினூக்கையே பெரும்பாலும் நம்பி வாழ்கிறது. அந்தப் பகுதி ஷினூக் 1999-இலேயே அழிவு அபாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. திமிங்கிலங்கள் எண்பதுக்கும் கீழே குறைந்துவிட்டன. தாலெக்வா என்று பெயரிட்ட தாய் ஓர்க்கா, பிறந்ததும் இறந்த தன் கன்றை 17 நாள் தலையில் தாங்கிக்கொண்டு நீந்தியது. உலகமே பார்த்தது.

மாலையில் மழை தூறத் தொடங்குகிறது. கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். இலையுதிர் கால மழையைத்தான் கோஹோ எதிர்பார்த்திருக்கும். ஓடையில் தண்ணீர் ஏறினால் அது ஏறும். ஆனால் சியாட்டல் வட்டார நகர ஓடைகளில் மழை பெய்ததும் முட்டையிடாமலே கோஹோ சுழன்று சுழன்று சாவதை ஆண்டுக்கணக்காகப் பார்த்தார்கள். சில ஓடைகளில் வந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படிச் செத்தன. காரணம் 2020 டிசம்பரில்தான் வெளிவந்தது. ஜென்யு டியான், எட்வர்ட் கோலோட்ஜே, ஜெனிபர் மெக்கின்டயர் ஆகியோரின் குழு ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாக வடிகட்டிக் கடைசியில் ஒன்றைப் பிடித்தது. டயர் வெடிப்பு விட்டுச் சிதையாமல் இருக்க ரப்பரில் 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். டயர் சாலையில் தேயும்போது அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் என்ற நஞ்சாகிறது. மழை அதைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கோஹோ சாகும்.

அந்த வார இறுதியில் மீன் பார்க்க வந்த ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் காரில் வந்தவர்கள். நம் குடும்பமும்தான். குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. விழாவில் சொல்லியாக வேண்டிய செய்தி என்பதால் சொல்கிறோம். பரிகாரமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சாலை நீரை நேரே குழாயில் விடாமல், மணலும் மக்கு உரமும் நிரப்பிய பள்ளத்தின் வழியே வடியவிட்டால், அந்தத் தண்ணீரில் கோஹோ உயிர் பிழைக்கிறது என்று மெக்கின்டயரும் கூட்டாளிகளும் முன்னமே காட்டியிருந்தார்கள். 6பிபிடி-க்கு மாற்றுத் தேடும்படி கலிஃபோர்னியா 2023-இல் டயர் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. மாற்றுப் பொருள் சந்தைக்கு வர இன்னும் காலம் ஆகும். அதுவரை சாலையோரப் பள்ளங்களைத் தோண்டி, மக்கு உரம் கொட்டிச் செடி நடுகிற வேலையைப் பியூஜெட் சவுண்ட் கரை ஊர்கள் ஒவ்வொரு தெருவாகச் செய்துகொண்டிருக்கின்றன. அதற்குத் தொண்டர்களும் மண்வெட்டிகளும் இன்னும் நிறைய வேண்டும்.